கட்டுப் போட்ட கை

ஜூன் 3
வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. டாக்டர் அம்மாவிடம் சொன்னார், அம்மா பாதியைத்தான் எனக்குச் சொன்னாள். மீதியை டாக்டர் உதட்டிலேயே பிடித்திருந்தேன்.

ஜூன் 4
இரண்டு கையால் பேசுவதை ஒரு கையால் பேசினால் முணுமுணுப்பு மாதிரி இருக்கிறதாம், தம்பி சொல்கிறான். முணுமுணுப்பு எப்படி இருக்கும்? செய்து காட்டினான். ஒன்றுமே தெரியவில்லை. அதுதானாம்.

ஜூன் 7
ஆடிஷன் முடிந்து பன்னிரண்டு நாள். போன் தலையணைக்கடியில். அதிரவில்லை.

ஜூன் 8
தூக்கம் வராமல் 2022 ஆஸ்கர் விழாவைத் திரும்பப் பார்த்தேன். ட்ராய் காட்சருக்குச் சிறந்த துணை நடிகர் விருது. அரங்கமே கைகளை உயர்த்தி அசைக்கிறது, அதுதான் எங்கள் கைதட்டல். கொடுத்த சிலையை நடிகை யூன் யோ-ஜங் திரும்ப வாங்கி, காட்சர் பேசி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேச இரண்டு கையும் வேண்டுமே! எத்தனை முறை பார்த்தாலும் நான் அந்த அம்மாவைத்தான் பார்க்கிறேன்.

நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் காது கேளாத ஆண் காட்சர். அவருக்கு முன் மார்லி மாட்லின், 1987இல், 21 வயதில், சிறந்த நடிகை. நடுவில் 35 வருஷம். காட்சருக்கு விருது வாங்கித் தந்த 'கோடா' படத்தில் அப்பா வேடத்துக்குக் காது கேட்கும் நடிகரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, அப்படியென்றால் நான் இல்லை என்றவரும் மாட்லின்தான். என் பெயர் பேசப்படும் அறையில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஜூன் 9
அரிக்கிறது.

ஜூன் 12
பழைய படத்தில் என் காட்சியைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. க்ளோஸப். முகம் மட்டும். வசனம் முழுக்கத் தாடைக்குக் கீழே, ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. அடுத்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகத்துக்கு வெட்டுகிறார் எடிட்டர். மற்றவர்களுக்கென்றால் குரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த இடத்தில் வாக்கியமே அறுந்துவிடுகிறது. அன்றைக்கே சொன்னேன். "சப்டைட்டில் போடுகிறோமே" என்றார்கள்.

ஜூன் 16
"அபிநயா மாதிரி உதடு அசைப்பீர்களா?" ஆடிஷனில் கேட்ட முதல் கேள்வி. 2009இல் 'நாடோடிகள்' வந்ததிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. காதில் ஒரு சொல்லும் விழாமல் அவர் உதடும் டப்பிங் குரலும் ஒட்டுவது பெரிய வித்தைதான். ஆனால் இந்த வேடம் காது கேளாதவளுடையது! அவள் ஏன் உதடு அசைக்க வேண்டும்?

1988 ஆஸ்கர் மேடையில் மாட்லின் வாய்விட்டுப் பெயர் வாசித்தார். காது கேளாதவர்களிலேயே சிலர் கோபப்பட்டார்கள். பேசினால் நம்மவர்களுக்குக் கோபம், பேசாவிட்டால் வேலை இல்லை.

ஜூன் 19
அதிர்ந்தது. கடன் வேண்டுமா என்று வங்கி.

ஜூன் 21
உதவி இயக்குநர் மெசேஜ். தெரிந்த முகம் வேண்டும் என்கிறார்களாம். 'அந்த மேடத்துக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்க வர முடியுமா அக்கா?'

கட்டுப் போட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

ஜூன் 22
இடது கையால், கண்ணாடி முன், 'முடியாது'. ஏழெட்டு முறை.

ஜூன் 23
எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.