மெல்லிய பிலிமில் 2 கிராம் பூச்சு: மேயர் ராடிலிருந்து ரிவர்ஸ் கிரேவியருக்கு

பொதியுறைக்கான 20 மைக்ரான் பாலிபுரொப்பிலீன் பிலிமின் மேல், சூடுபட்டால் ஒட்டும் நீர்வழிப் பூச்சை (நீரில் கலந்து பூசுவது), உலர்ந்தபின் சதுர மீட்டருக்கு 2 கிராம் நிற்கும்படி ஏற்ற வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது மேயர் ராடு, அதாவது மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றிய எஃகுத் தண்டு. திரவத்தைத் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டு மிச்சத்தை வழித்தெடுக்கும் இம்முறையில், ஈரப் பூச்சின் தடிமன் ஏறத்தாழக் கம்பி விட்டத்தின் பத்தில் ஒரு பங்காக அமைகிறது. 40 சதவீதத் திடப்பொருள் கொண்ட கலவை ஈரமாக 5 கிராம்தான் ஏறலாம் என்பதால், 0.05 மி.மீ. அளவிலான கம்பி தேவைப்பட்டது. அவ்வளவு நுண்ணிய இடுக்கில் ஒரு காய்ந்த துகள் சிக்கினாலும் பிலிம் நெடுகக் கோடு விழும். நுண்வடிகட்டி வைத்தும் ராடை மெதுவாகச் சுழலவிட்டும் கோடுகள் குறைந்தனவே தவிர நீங்கவில்லை.

குறுகிய பிளவின் வழியே திரவத்தைப் பம்ப் செய்து பிலிமில் பரப்பும் ஸ்லாட் டை முறையையும் ஆராய்ந்தோம். பம்ப் தரும் அளவை அகலத்தாலும் வேகத்தாலும் வகுத்தால் ஈரத் தடிமன் கிடைத்துவிடும் என்பது மிக அழகான ஏற்பாடு. ஆனால் பூச்சின் அகலம் அடிக்கடி மாறும் எங்கள் வேலைக்கு அது ஒத்துவரவில்லை.

இறுதியில், மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் செதுக்கிய, சிறு விட்டமுள்ள ரிவர்ஸ் கிரேவியர் உருளையைத் தேர்ந்தோம். குழிகளில் நிரம்பும் திரவத்தை டாக்டர் பிளேடு என்னும் மெல்லிய வழிப்புத் தகடு மட்டமாக்க, உருளை பிலிமின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சுழன்று பூசுகிறது. அந்த உராய்விலேயே குழிகளின் தடம் பெரும்பாலும் கலைந்துவிடுகிறது. பின்னால் அழுத்தும் ரப்பர் உருளை இல்லாததால் மெல்லிய பிலிமில் சுருக்கமும் விழுவதில்லை. உருளைக்கும் பிலிமுக்கும் உள்ள வேக விகிதத்தை மாற்றியே பூச்சின் எடையைத் திருத்த முடிந்தது. பிலிமின் இழுவிசை சீராக இருப்பது இங்கே மிக மிக முக்கியம், ஏனெனில் பிலிம் உருளையைத் தொடும் அழுத்தத்தை அதுவே தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு ரோலையும் ஏற்றும்முன், பரப்பில் திரவம் பரவி நிற்குமா என்று காட்டும் டைன் மையால் சோதித்தோம். பூச்சு பிடிப்பதற்காகக் கொரோனா என்னும் மின்வெளியேற்றச் செயல்முறை பெற்ற பரப்பும் கிடங்கில் நாளடைவில் வலுவிழக்கும், அதன் பரப்பு ஆற்றல் செ.மீ.க்கு 38 டைனுக்குக் கீழே இறங்கினால் நீர்வழிப் பூச்சு திட்டுத்திட்டாக ஒதுங்கும். பூச்சின் எடையறிய, 10 செ.மீ. சதுரத் துண்டை நிறுத்து, பூச்சைத் துடைத்து நீக்கி மீண்டும் நிறுப்போம். வித்தியாசத்தை 100 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கிராம். 2 கிராம் பூச்சுக்கு அந்த வித்தியாசம் 0.02 கிராம்தான் என்பதால், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு தேவை.

உலர்த்தும்போது முதல் பகுதியில் வெப்பத்தைக் குறைத்துக் காற்றை மிகுதியாக வைத்தோம். எடுத்த எடுப்பிலேயே சூடேற்றினால் மேலே தோல் படிந்து நீர் உள்ளே தங்கிவிடும். சுற்றுவதற்கு முன் குளிர் உருளையில் பிலிமை நன்றாக ஆறவைக்காவிட்டால், பூச்சு அடுத்த சுற்றின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டு ரோல் முழுவதும் வீணாகும்.