நியூசிலாந்தின் மேற்குக் கரை, பிப்ரவரி

பிப்ரவரி 8, சனி. ஆர்தர்ஸ் பாஸ்

கிரைஸ்ட்சர்ச்சில் கிளம்பும்போதே மணி பதினொன்று. வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன், வளைவுக்கு வளைவு தட்டு அலமாரி திறந்துகொள்கிறது. கணவாய் 920 மீட்டர்தான், ஊட்டியில் பாதிகூட இல்லை. குளிர் மட்டும் ஊட்டியைத் தோற்கடிக்கிறது.

டீ போட நிறுத்தினோம். கியா என்ற மலைக்கிளி ஒன்று வந்து பானட்டில் உட்கார்ந்தது. கிளி என்றால் நம்ப முடியாத உடம்பு. முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை மூக்கால் நெம்பி, முருங்கைக்காய்த் தோல் மாதிரி நீளமாக உரித்தது. இறக்கையைத் தூக்கினால் அடியில் செம்மஞ்சள். இவர் விரட்டவில்லை. "வாடகை வண்டிப்பா, எனக்குத்தான் பில் வரும்" என்று அதனிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

புதன் அல்லது வியாழன் போன் வரும் என்று சொன்னார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ஹோகிடிகா

ஓட்டிரா இறக்கம். 1999இல் கட்டி முடித்த 440 மீட்டர் பாலம், கீழே சரிந்துகொண்டேயிருக்கும் மலை. நான் மலையைப் பார்க்கவில்லை. இவருக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை காதுக்குக் கீழே. நான் பார்ப்பது தெரிந்ததும் கை இறங்கிவிடுகிறது.

வேன் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் கழிவறைக் கேசட்டை (கழிவுத் தொட்டியை) இவரே கொட்டிக் கழுவுகிறார், சீட்டி அடித்துக்கொண்டு. வீட்டில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கச் சொன்னால் மூன்று தரம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள். ஃபாக்ஸ் கிளேசியர்

ஃபிரான்ஸ் ஜோசப்பில் வைஹோ ஆற்றுப் பாலம். 2019 மார்ச் வெள்ளம் இதை அடித்துக்கொண்டு போனது. 18 நாளில் மறுபடி போட்டுவிட்டார்கள். ஆறு சிமெண்ட் கரைத்த நிறத்தில் ஓடுகிறது.

இங்கே வந்தால் தெற்கே மண்சரிவாம், சாலை அடைப்பு. அடுத்துப் போக வேண்டிய ஹாஸ்ட்டுக்கு வேறு வழி என்றால் வந்த மலையை மறுபடி தாண்டி, தீவின் அந்தப் பக்கமாகப் போய் வர வேண்டும். இவருக்கு ஒரே கடுப்பு.

எனக்கு நிம்மதி. இங்கே சிக்னல் முழுசாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. மேதீசன் ஏரியில் ஆவோராக்கி மலையின் (மவுண்ட் குக்) நிழல் விழுமாம். ஏரியே தெரியவில்லை. சேமியா உப்புமா, பிறகு அதே உப்புமா.

மழை விட்ட அரை மணியில் சாண்ட்ஃப்ளை. கடுகளவு கறுப்புப் பூச்சி, கடிப்பது பெண் மட்டும். 1773இல் டஸ்கி சவுண்டில் கேப்டன் குக்கே புலம்பி எழுதி வைத்திருக்கிறார். கணுக்காலைச் சொறிந்தபடி போனை சார்ஜில் போட்டேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன். "அது தானா அடிக்கும், நீ முறைச்சுப் பார்க்க வேணாம்" என்கிறார்.

"நாளைக்கு ரோடு திறந்தாலும் இங்கேயே இருப்போங்க" என்றேன். பதில் இல்லை. வரைபடத்தை விரித்துக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன்

காலை ஏழரைக்கு சாலை திறந்தது. சண்டை.

அடுத்த 120 கிலோமீட்டரில் போன் எடுக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போகிறார். "கூப்பிடறவங்க நாளைக்கும் கூப்பிடுவாங்க. இந்தக் கடல் நாளைக்கு நமக்குக் கிடைக்குமா?" இதற்கு என்ன சொல்வது? நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். புரூஸ் பே வரை யாரும் பேசவில்லை.

நைட்ஸ் பாயின்ட்டில் இறங்கினோம். ஃபாக்ஸையும் ஹாஸ்ட்டையும் இந்தச் சாலை இணைத்ததே 1965இல்தான். கீழே பாறைகள், வெள்ளை நுரை, கடலின் விளிம்பு வரை காடு. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. இவர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வெகுநேரம் நின்றார், கை ஒரு தடவைகூடக் கழுத்துக்குப் போகவில்லை. நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்த ஜெர்மன்காரப் பெண், அவர்களை நான் படம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எடுத்தும் கொடுத்தேன்.

ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் ஒருவழி. நடுவில் ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். எதிரே லாரி வந்தது. ஒதுங்கிக் காத்திருந்தபோதுதான் "சாப்டியா?" என்றார். காலையிலிருந்து முதல் வார்த்தை.

பிப்ரவரி 13, வியாழன். வனாகா

ஹாஸ்ட் கணவாய் தாண்டியதும் மழைக்காடு போய் காய்ந்த மஞ்சள் புல். மகரோராவில் பெட்ரோல், கொள்ளை விலை.

ஊருக்குள் நுழைந்ததும் வரிசையாகத் தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே எண். அவரே திரும்ப அழைத்தார். திங்கள்கிழமை நேரில் வர முடியுமா என்றார்கள். இரண்டு பேரும் வரணுமாம். வேறெதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேனை சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் கூட வைத்துக்கொள்ள எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறார், மவுண்ட் குக் வழியாகப் போகலாமாம். ரப்பர் விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா?