தம்மாத்தூண்டு காயம்

எண்ணெய் கொட்டி வருகிறவர்களின் காயத்தைப் பார்த்ததுமே ஓரளவு எடை போட்டுவிடலாம். கரண்ட் காயம் பத்து வருஷ நர்ஸ் டூட்டிக்குப் பிறகும் என்னை ஏமாற்றுகிறது.

காசிமேட்டு அக்கா ஒருவர் ராத்திரி வந்தார். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மிளகு அளவுக்கு இரண்டு வெள்ளைக் குழிகள், ஓரம் கருகியிருந்தது. மேலே பற்பசை. (எங்கள் பக்கம் முதல் மருந்து பற்பசை, அடுத்தது இட்லி மாவு. அதைக் கழுவி எடுப்பது தனி வேலை.) மீன் கழுவும்போது போன் அடிக்க, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக் கையால் சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறார். அது பாதிதான் வெளியே வந்தது. விரல்கள் அதன் உலோகப் பின்னில் பட்டுவிட்டன.

"தம்மாத்தூண்டு காயம் சிஸ்டர், ஊசி போட்டு அனுப்பு. விடியறதுக்குள்ள ஏலத்துக்குப் போணும்."

சார்ஜர் 5 வோல்ட்தானே என்று காலேஜ் பையன்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். 5 வோல்ட் வயர் முனையில்தான். பின்னில் இருப்பது 230. மட்டமான சார்ஜருக்குள் இரண்டையும் பிரிக்கும் தடுப்பும் பெயருக்குத்தான் இருக்கும். காய்ந்த தோல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஈரத்தோல் வழிவிட்டுவிடும். வெளியே மிளகளவு தெரிந்தாலும் உள்ளே சதை வெந்திருக்கலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம் என்பதால் ஈசிஜி. சதை நிறைய சிதைந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் போகும், கிட்னி கெடும் என்பதால் அதையும் பார்ப்போம். இதைச் சொன்னதும் ஏலத்தை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

ஈசிஜி, யூரின் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் கட்டைவிரல் நுனி கறுத்து, செத்த சதையை டாக்டர் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

டிஸ்சார்ஜ் அன்று வழக்கம்போல, "தண்ணி பக்கத்துல சார்ஜ் போடாதீங்கக்கா" என்றேன். சிரித்தார்.

"எங்கூட்ல ஒரே பிளக்கு. அதுங்கீழதான் தண்ணி டிரம்மு. வேற எங்க போடச் சொல்ற?"

எனக்குப் பதில் வரவில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடும் ஆர்சிசிபி என்று ஒன்று இருக்கிறது. வாடகை வீட்டில் அதை யார் மாட்டுவது? "சுவிட்சை அணைச்சு, கையைத் துடைச்சுட்டு அப்புறம் தொடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது டிரம்மை வாசலுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். வழியை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியோடு தினமும் சண்டையாம்.