கல்யாணக் கசெற்றுகளுக்கு அரச மானியம் கேட்ட அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ் வீடுகளின் அலுமாரித் தட்டுகளில் இன்றும் விஎச்எஸ் வீடியோக் கசெற்றுகள் கிடக்கின்றன. கல்யாணம், சாமத்தியவீடு (பூப்பு விழா), அரங்கேற்றம், சில வீடுகளில் செத்தவீடும்கூட. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் யாழ்ப்பாணம், பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று சிதறியபோது, விசா கிடைக்காதவர்கள் கசெற்றைப் போட்டுத்தான் தம்பி தங்கையின் கல்யாணத்தைப் பார்த்தார்கள். அந்த நாடாக்களில் இப்போது பூஞ்சணம் பிடிக்கிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது. கடைசிவரை விஎச்எஸ் கருவி தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இந்தக் கசெற்றுகளைக் கொண்டு ஓர் ஆவணப்படம் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதற்கு முதல் போட எந்தத் தயாரிப்பாளரும் வரமாட்டார். கனடாவின் கலை மன்றங்களிடம் போனேன்.

இங்கே கலைக்கான பொதுப்பணம் நாடு, மாகாணம், நகரம் என்று மூன்று மட்டங்களில் கிடைக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1957இல் உருவான கனடா கலை மன்றம், 1963இல் தொடங்கிய ஒன்ராறியோ கலை மன்றம், 1974இல் தொடங்கிய ரொறன்ரோ கலை மன்றம். மூன்றும் ஊடகக் கலைஞர்களுக்கு, அதாவது திரைப்படம், வீடியோ, ஒலி போன்றவற்றில் படைப்பவர்களுக்கு, மானியம் கொடுக்கின்றன. டெலிஃபிலிம் கனடாவின் வழி வேறு. அது திரைப்படத் தொழிலுக்கானது. அங்கே தயாரிப்பு நிறுவனம், விநியோகம், பார்வையாளர் சந்தை எல்லாம் பேச்சில் வரும். கலை மன்றம் முதலில் பார்ப்பது, படைப்பிலும் படத்தொகுப்பிலும் இறுதி முடிவு கலைஞரின் கையில் இருக்கிறதா என்பதை. நல்ல வணிகத் திரைக்கதையை எடுத்துக்கொண்டு கலை மன்றத்துக்குப் போய் மனம் சோர்ந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கதையில் குறை இல்லை, அதற்குரிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

கனடா கலை மன்றத்தில் ‘ஆய்வும் படைப்பும்’ என்றொரு பிரிவு உண்டு. நான் விண்ணப்பித்த காலத்தில் அதன் உச்சவரம்பு 25,000 டொலர். முழுப்படத்துக்கு அது போதாது. ஆனால் கசெற்றுகளுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலையில் முழுப்படத்துக்குப் பணம் கேட்பதும் பொருத்தமில்லை. தேடுவதற்கும் பரிசோதிப்பதற்கும் பணம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. படம் முடிந்த பிறகு கிடைக்கும் பணத்தைவிடத் தொடங்கும்போது கிடைக்கும் இந்தப் பணம் பெரிது என்பது என் எண்ணம்.

பதிவு நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். இறுதி முடிவு முழுக்கத் தன் கையில் இருக்கச் செய்த ஒரு படைப்பாவது பொதுவெளியில் காட்டப்பட்டிருக்க வேண்டும். இணையத்தில் கலைஞர் விவரத்தைப் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு 30 நாட்களுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறார்கள். முடிவுத் தேதிக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது இல்லை.

எழுதத் தொடங்குமுன் மன்றத்தின் திட்ட அலுவலரோடு தொலைபேசியில் பேசினேன். இதற்குப் பலர் தயங்குகிறார்கள். அரச அலுவலகம் என்றாலே கதவுக்கு வெளியே நின்று பழகியவர்கள் நாங்கள். ஆனால் விண்ணப்பதாரரோடு பேசுவது அந்த அலுவலரின் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் பட்ஜெட் பற்றிக் கேட்கத்தான் அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: ‘படம் முடிந்த பிறகு இந்தப் பிரதிகள் யாரிடம் இருக்கும்?’

அந்தக் கேள்வியோடுதான் வீடு வீடாகப் போனேன். ஓர் அன்ரி, கொழும்பில் நடந்த தன் தங்கையின் கல்யாணக் கசெற்றை எடுத்து வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, முதுகில் நீலப் பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தார். வேறு யாரும் தவறுதலாக மேலே பதிந்துவிடாதபடி, பதிவுத் தடைக்கான சிறு பிளாஸ்டிக் துண்டைக் கவனமாக உடைத்திருந்தார். கசெற்றை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கொப்பி எடுங்கள். ஆனால் அண்ணாவின் முகம் வருகிற இடத்தைப் படத்தில் போட வேண்டாம். அவருடைய பிள்ளைகள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.”

அன்றிரவே ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதினேன். கொப்பி எடுக்க மட்டும் சம்மதமா, ஆய்வுக்குப் பார்க்கலாமா, படத்தில் காட்டலாமா, ஆவணக் காப்பகத்தில் வைக்கலாமா, எந்தெந்த முகங்களை விலக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இடம் விட்டேன். எண்ம (டிஜிட்டல்) பிரதி முதலில் உரிமையாளருக்கே போகும் என்றும், அவர் விரும்பினால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்றும் சேர்த்தேன். அந்தப் படிவமும் மொழிபெயர்ப்பும் விண்ணப்பத்தோடு போயின. எங்கள் சமூகத்தின் காட்சிகளை எடுத்து வேலை செய்ய நினைக்கும் எவரும் இதை முதலில் செய்ய வேண்டும். மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது அந்த மனிதர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் சக கலைஞர்கள். மன்ற அதிகாரிகள் கூட்டத்தை நடத்துவார்கள். வாசித்துப் புள்ளி போடுவது வெளியிலிருந்து அழைக்கப்படும் கலைஞர் குழு. அதில் வான்கூவரின் அனிமேஷன் கலைஞர் இருக்கலாம், நோவா ஸ்கோஷியாவின் ஒலிக் கலைஞர் இருக்கலாம். தமிழ்க் கல்யாணம் ஒன்றை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். ‘புலம்பெயர்ந்தோரின் நினைவுகளையும் அடையாளத்தையும் பேசும் படம்’ என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அன்று அவர்கள் மேசையில் அதே வாக்கியத்தோடு வேறு பல விண்ணப்பங்களும் இருக்கும்.

எங்களுக்குக் கண் பழகிப்போன ஒன்றை எழுதினேன். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் பந்தி நடக்கும்போது வீடியோக்காரர் பளீரென்ற விளக்கோடு வரிசை வரிசையாகப் போவார். சாப்பிடுகிற ஒவ்வொருவர் முகத்திலும் சில நொடிகள் நிற்பார். வாயில் சோற்றோடு ஒருவர் சிரிப்பார், இன்னொருவர் தலையைக் குனிவார், ஒரு குழந்தை கண் கூசி அழும். வெளியார் இதை நயமில்லாத படப்பிடிப்பு என்று தள்ளிவிடக்கூடும். ஆனால் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து பார்த்தவர்களுக்கு மணவறையைவிடப் பந்திதான் முக்கியமாக இருந்தது. யார் வந்திருக்கிறார்கள், யார் மெலிந்துவிட்டார்கள், யாரைக் காணவில்லை என்று அந்த வரிசையில்தான் தேடினார்கள். கசெற்றை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் பார்த்தார்கள். அந்த வீடியோக்காரர் யாருக்காக எடுக்கிறோம் என்று நன்றாக அறிந்தே எடுத்தார். என் படம் அந்தப் பந்தி வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். விண்ணப்பத்தின் உயிர் அந்தப் பத்தியில் இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

பட்ஜெட்டைக் கணக்காளர் வேலை என்று ஒதுக்க வேண்டாம். குழு அதை மிகக் கவனமாகப் படிக்கிறது, ஏனென்றால் செய்யத் தெரிந்தவரா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மணிநேரக் கசெற்றை எண்ம வடிவத்துக்கு மாற்ற மூன்று மணிநேரம் வேண்டும், அதை விரைவுபடுத்த வழியில்லை. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் பதிந்தவை நொடிக்கு 25 சட்டகம் ஓடும் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறையில் இருக்கும். கனடாவில் பதிந்தவை ஏறக்குறைய 30 சட்டகம் ஓடும் ‘என்டிஎஸ்சி’ முறை. பிரான்சின் ‘செகாம்’ முறை வேறு. ஒவ்வொன்றையும் சரியாக வாசிக்கும் கருவியும், நடுங்கும் காட்சியை நிலைப்படுத்தும் கருவியும் வேண்டும். இவற்றின் வாடகையைத் தனித்தனி வரியாக எழுதினேன். கசெற் தந்தவர்களின் நேரத்துக்கு மதிப்பூதியம், மொழிபெயர்ப்புக்கு ஊதியம், எனக்கான கலைஞர் ஊதியம் எல்லாம் எழுதினேன். எங்கள் ஆட்களில் பலர் தங்கள் ஊதியத்துக்கு எதிரே பூச்சியம் போடுகிறார்கள், அதைத் தியாகம் என்று நினைக்கிறார்கள். மன்றம் அதை எதிர்பார்க்கவே இல்லை. கலைஞர் வாழ்ந்துகொண்டு வேலை செய்வதற்காகத்தான் இந்தப் பணம் ஒதுக்கப்படுகிறது. வரவும் செலவும் கடைசி வரியில் சமமாக வர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பாட்டுகள் பெரும் சிக்கல். கல்யாண வீடியோ முழுவதும் திரைப்பாடல்கள் ஓடும். அவற்றின் உரிமை இசை நிறுவனங்களிடம் இருக்கிறது. பல கசெற்றுகளில் பாட்டுக்கு அடியில் மண்டபத்தின் ஒலியே இல்லை, அழித்துவிட்டுத்தான் பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். ஆகவே காட்சிகளை ஒலியில்லாமல் ஓட விட்டு, உரிமையாளர் இன்று அதைப் பார்த்துக்கொண்டே பேசும் குரலை மேலே வைப்பது என்று முடிவெடுத்தேன். உரிமைச் சிக்கலுக்குத் தேடிய தீர்வு படத்தின் வடிவமாகவே ஆகிவிட்டது. அதையும் அப்படியே விண்ணப்பத்தில் விளக்கினேன்.

முதலில் விண்ணப்பித்த ஒரு மன்றம் கொடுக்கவில்லை. குழு பரிந்துரைக்கிற விண்ணப்பங்களுக்கே பணம் போதாமல் போவதுண்டு. மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே அடுத்த மன்றத்தின் முடிவுத் தேதியைப் பார்த்தேன். பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு அங்கே கிடைத்தது. பெப்ரவரியில் ரி4ஏ என்ற வரிப் படிவம் வரும். அதன் 105ஆம் பெட்டியில் மானியத் தொகை இருக்கும். இது வருமானமாகக் கணக்கிடப்படும், திட்டத்துக்கான செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். எல்லாப் பற்றுச்சீட்டையும் எடுத்து வையுங்கள், இறுதி அறிக்கைக்கும் அவை உதவும்.

அறிக்கையை அனுப்பிய பிறகு மதிப்பீட்டுக் குழுவுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கலைஞர்கள் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுக்கலாம். படைப்புகளைக் காட்டிய அனுபவமுள்ள தமிழ்க் கலைஞர்கள் கொடுக்க வேண்டும். படிவத்தில் எந்தெந்த மொழிகள் தெரியும் என்று கேட்டால், தமிழையும் எழுதுங்கள்.