சந்தை வேலையும் காலை மாத்திரையும்

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆளான என் தம்பியை, முதலில் மதுரைக்கு வெளியே ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில்தான் சேர்த்தோம். ஊசியை நிறுத்தியதால் வந்த உடல்வலியும் வயிற்றுப்போக்கும் அடங்கும்வரை உள்ளே வைத்திருந்து, தொடர் மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பிய சில வாரங்களில் மறுபடியும் தொடங்கிவிட்டான். நிறுத்தியிருந்த நாட்களில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுவதால், பழைய அளவைப் போட்டாலே மூச்சு நின்றுபோகலாம் என்பதைப் பிறகு பார்த்த மனநல மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

அவர் எழுதிக்கொடுத்தது புப்ரினார்பின்; அதுவும் அபின் போன்று வேலை செய்யும் மருந்துதான், ஆனால் ஊசிக்கான ஏக்கத்தையும் நிறுத்தும்போது வரும் அவதியையும் அடக்குவது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று மாமா கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்த மருந்து இது என்பதைவிட, ஊசி தேடி அலையாமல் தம்பி வேலைக்குப் போனதே அவரை அடக்கியது.

பழைய மருந்தின் வேகம் இறங்குவதற்குள் இதைக் கொடுத்தால் அவதி கூடிவிடும் என்பதால், கொட்டாவியும் மூக்கொழுகலும் மயிர்க்கூச்சமுமாக இருக்கும் நிலையிலேயே வரச்சொன்னார்கள். அதன்பின் தினமும் மருத்துவமனையில் செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைப்பார். கரையும்வரை தண்ணீரும் கூடாது, பேச்சும் கூடாது. பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும்.

உண்மையான சிக்கல் நேரம்தான். மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் அவனுக்கு இரவில் மூட்டை இறக்கும் வேலை. விடியலில் வேலை முடியும். மருந்து தருவதோ ஒன்பது மணிக்கு மேல். பழைய கூட்டாளிகள் டீக்கடையில் கூடுவதும் அந்த இடைவெளியில்தான்; அவர்களுக்குத் தப்பி வீட்டுக்கு வந்தால் அசந்து தூங்கிவிடுவான். வைத்தியம் என்று மட்டும் சொல்லி முதலாளியிடம் பேசியதில், விடிந்தபின் கடையில் சிட்டை எழுதும் வேலையைக் கொடுத்து, மருந்து நேரத்துக்கு அனுப்பிவைத்தார். எந்த அறிவுரையும் இவ்வளவு உதவவில்லை என்பது என் கணிப்பு.

இடையில் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டான். சிகிச்சையிலிருந்தே நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சினேன். மருத்துவரோ இரவில் தூக்கம் வருகிறதா, வியர்க்கிறதா என்று விசாரித்து, அளவு போதவில்லை என்று கூட்டினார்; குடியும் தூக்க மாத்திரையும் இதனோடு சேரவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது சில நாட்களுக்குரிய மாத்திரையை வீட்டுக்கே தருகிறார்கள். அக்காவின் குழந்தை தவழ்கிற வீடு என்பதால் பீரோவில் பூட்டி வைக்கிறோம். எப்போது நிறுத்துவார்கள் என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். வேலையும் உறக்கமும் நிலைப்படட்டும், குறைப்பதைப் பிறகு மெல்லப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். தம்பியும் அவசரப்படவில்லை.