ஊஞ்சல் கொக்கியில தொங்குன டியூக்கும் அஞ்சு எம்எம் கதையும்

டெல்டாவுல மலை இல்ல, கொண்டை ஊசி இல்ல, உனக்கு எதுக்குடா கார்னரிங்னு கேக்கறவங்க ஒருதடவை திருக்காட்டுப்பள்ளியிலேர்ந்து திருவையாறு வரைக்கும் ஆத்தோரமா ஓட்டிப் பாக்கணும். கொல்லிமலையில 70 ஹேர்பின் இருக்கு, ஆனா அங்க வளைவு வரும்னு முன்னாடியே தெரியும். இங்க காவிரி வளைஞ்சா ரோடு வளையும், குடமுருட்டி திரும்பினா ரோடு திரும்பும், உள்ள போனா இன்னும் மோசம், வாய்க்கால் கூடவே நேரா ஒரு கிலோமீட்டர் போயிட்டு மதகு வந்ததும் சடார்னு ஒரு ரைட் ஆங்கிள், அதுக்கு அந்தாண்ட பாதி ரோட்டுல நெல்லு காயும், இல்லன்னா வாத்துக் கூட்டம், இல்லன்னா நடவு வயல்லேர்ந்து ஏறி வந்த டிராக்டர் உதறிட்டுப் போன சேறு. வண்டி சொன்ன உடனே திரும்பலன்னா நேரா வாய்க்கால்தான்.

நம்ம வண்டி பழைய கேடிஎம் டியூக் 200 பைக். போன குறுவைக்கு முன்னாடி முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்க ரெண்டு ஷாக் காலு, அதான் ஃபோர்க், அதுல ஆயில் சீல் போயி ஒழுகுச்சு, ஒரு கடையில குடுத்து மாத்தினேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க. அதுலேர்ந்து வண்டி திரும்பவே முரண்டு பிடிச்சுது. மதகு திருப்பத்துல உள்ள சாய்ச்சா முன் சக்கரம் வெளில வெளில ஓடுது, ஹேண்டிலை அமுக்கி அமுக்கி திருப்ப வேண்டியிருக்கு. குண்டு குழியில ஷாக் அமுங்கி எழும்பறதும் வழுவழுன்னு இல்ல, நடுவுல எங்கயோ பிடிச்சு விடற மாதிரி.

நான் உடனே ஃபோர்க்கை ஏத்திடலாம்னு குதிச்சேன். ஊர்ல லேத் பட்டறை வச்சிருக்க அண்ணன்தான் தடுத்தாரு. "இருங்கறேன்ல. முதல்ல காத்தைப் பாரு, கோன் செட்டைப் பாரு. அது ரெண்டும் சரியில்லாம நீ எதை ஏத்தி இறக்கினாலும் ஒண்ணும் தெரியாது." காத்து பாத்தா முன் டயர்ல மேனுவல்ல சொன்னதை விட 8 பிஎஸ்ஐ கூட. பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவா அடிக்கறாரு போல. கோன் செட்னா ஹேண்டில் திரும்பற இடத்துல இருக்க பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினோம், நடுவுல டக்குனு பள்ளத்துல விழற மாதிரி இருந்தா கோன் செட் தேஞ்சுருக்குன்னு அர்த்தம், நம்மளது நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அண்ணன் வெர்னியர் அளவுகோலை எடுத்துட்டு வந்து, ஃபோர்க் டியூப் அதைப் பிடிச்சிருக்க மேல் பிளேட்டுக்கு மேல எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு ரெண்டு பக்கமும் அளந்தாரு. இடது 3 எம்எம். வலது 6. நான் நம்பாம ரெண்டாவது தடவை நானே அளந்தேன், அதே 3, அதே 6. சீல் மாத்தினவரு கண்ணளவுல மாட்டிட்டாரு. ரெண்டு கால்லயும் வேற வேற உயரம், கீழ ஒரே ஆக்சில், அப்ப ரெண்டு டியூப்பும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிட்டு நிக்கும், வழுக்கிட்டு ஓட வேண்டிய ஷாக் எங்கேர்ந்து ஓடும்? கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, அளந்தாத்தான் உண்டு. சீல் மாத்தி வாங்கினவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒரு ஸ்கேலையாவது வச்சுப் பாருங்க.

முன்பக்கத்தைத் தூக்க ஸ்டாண்ட் இல்ல. பின் சக்கரத்தைத் தூக்கற பேடாக் ஸ்டாண்ட் மட்டும் இருக்கு. எங்க அத்தை வீட்டுக் கூடத்துல ஊஞ்சல் போட்ட உத்தரத்துல கொக்கி இருக்கு, நாலு பேரு உக்காந்து ஆடற ஊஞ்சலை அம்பது வருஷமா தாங்கற கொக்கி, வண்டியோட முன்பக்க எடை ஒரு ஆள் எடைதான் வரும். ஊஞ்சலைக் கழட்டிட்டு அண்ணன் பட்டறையில எடை தூக்கற செயின் பிளாக்கை அதுல மாட்டி, டியூக்கோட ஃபிரேம் கம்பியில, ஹேண்டில்ல இல்ல ஃபிரேம்ல, பட்டைக் கயிறு சுத்தி தூக்கியாச்சு. அத்தை அடுப்படியிலேர்ந்து வந்து பாத்துட்டு, "ஏன்டா தம்பி, கூடத்துல கட்டித் தொங்க விட்டிருக்கியே, உரிக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டு கீழ விரிக்க ஒரு பழைய சாக்கைத் தூக்கிப் போட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம், நிறைய பேரு குழம்பற இடம் இதுதான். ஃபோர்க்கை மேல ஏத்தினா வண்டியோட மூக்கு கீழ இறங்கும். மேல் பிளேட், கீழ் பிளேட் ரெண்டுலயும் டியூப்பைப் பிடிச்சிருக்க போல்ட்டை லூஸ் பண்ணி டியூப்பை மேல தள்ளினா, அந்த அளவுக்கு முன்பக்கம் தாழ்ந்து போகும். தாழ்ந்தா ஃபோர்க் சாஞ்சு நிக்கறது குறைஞ்சு கொஞ்சம் செங்குத்தாகும், டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பற அச்சை நேரா நீட்டினா தரையைத் தொடற இடத்துக்கும் டயர் தரையைத் தொடற இடத்துக்கும் உள்ள தூரம், குறையும், முன் டயர்ல எடை கொஞ்சம் கூடும். அதனால வண்டி சட்டுனு சாயும், சட்டுனு திரும்பும்.

எவ்வளவு மாறும்னு பேப்பர்ல போட்டுப் பாத்தேன். டியூக்கோட வீல்பேஸ், ரெண்டு சக்கரத்து ஆக்சிலுக்கும் நடுவுல இருக்க தூரம், கிட்டத்தட்ட 1367 எம்எம். டியூப்பை 5 எம்எம் ஏத்தினா ஃபோர்க் கோணத்துல சுமார் 0.2 டிகிரி, டிரெயில்ல ஒரு எம்எம் சொச்சம். அவ்ளோதான். இந்தத் துக்கடா மாத்தமா தெரியப் போவுதுன்னுதான் நானும் நெனச்சேன்.

முதல்ல ரெண்டு பக்கத்தையும் 3ல சமமா வச்சு ஓட்டினேன். ஷாக் வழுவழுன்னு ஆயிடுச்சு, காத்தையும் குறைச்சிருந்ததால பாதி வியாதி அங்கயே தீந்துச்சு. உண்மையைச் சொன்னா அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா கொக்கியில செயின் பிளாக் தொங்கிட்டு இருக்கே, கை சும்மா இருக்குமா.

அடுத்து 8. மூணு மதகு திருப்பம் இருக்கற ஒரு சுத்து நான் வச்சிருக்கேன், அதே சுத்து, அதே வேகம், அதே சாயங்கால நேரம். முதல் மதகுலயே தெரிஞ்சுது. வழக்கமா ஹேண்டிலை அமுக்கற அளவுக்கு அமுக்கினேன், வண்டி நான் நெனச்சதை விட முன்னாடியே உள்ள விழுந்து ரோட்டோட உள் ஓரத்துப் புல்லுக்கே போயிடுச்சு. ரெண்டாவதுல கையைத் தளர்த்திப் பிடிச்சேன், பாத்த இடத்துக்குப் போச்சு.

நல்லா இருக்கேன்னு ஆசை யாரை விட்டுச்சு, மறுநாள் 13 வச்சேன். சின்ன ரோட்டுல வண்டி பம்பரமா திரும்புச்சு. அப்படியே தஞ்சாவூர் - திருச்சி நாலு வழியில ஏத்தினேன், 95ல போறப்ப பாலத்து ஜாயிண்ட் மேல ஏறி இறங்குச்சு பாருங்க, ஹேண்டில் ரெண்டு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உதறுச்சு, வயித்துல புளியைக் கரைச்சுடுச்சு. பிரேக் அழுத்தினா பின்பக்கம் லேசாகி ஆடுது. இன்னொரு கூத்து, மூக்கு இறங்கினதால சைடு ஸ்டாண்ட்ல வண்டி முன்ன விட நிமிந்து நிக்குது, மாட்டுக் கொட்டாய் ஓரமா விட்டப்ப கன்னுக்குட்டி வந்து உரசினதுல சாயப் பாத்துச்சு. திரும்பவும் கூடம், திரும்பவும் கொக்கி, கடைசியா 7ல வந்து நின்னேன்.

செய்யறவங்களுக்கு நான் பட்டதை வச்சு சொல்றேன். போல்ட்டை லூஸ் பண்றதுக்கு முன்னாடி முன்பக்க எடை முழுசா கயித்துலயோ ஸ்டாண்ட்லயோ இருக்கணும், இல்லன்னா மொத்த வண்டியும் டியூப்ல வழுக்கி இறங்கிடும். லூஸ் பண்ணப்புறம் செயினை கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா டியூப் தானா மேல ஏறும், சுத்தியல் வேணாம். வெர்னியர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற வரைக்கும் விடாதீங்க. டைட் பண்றப்ப வீரத்தைக் காட்டாதீங்க, டியூக் மாதிரி யூஎஸ்டி ஃபோர்க்ல, அதாவது தலைகீழா மாட்டின ஃபோர்க்ல, பிளேட் பிடிக்கறது வெளி டியூப்பை, ஓவரா இறுக்கினா டியூப் நெளிஞ்சு உள்ள இருக்க குழாய் பிடிக்கும், அதனால எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு மேனுவல்ல இருக்க அளவுதான். ஆக்சிலைப் பிடிக்கற போல்ட்டை மட்டும் கடைசியில, வண்டியைக் கீழ இறக்கி முன் பிரேக்கைப் பிடிச்சு நாலு தடவை அமுக்கி எழுப்பின பிறகு டைட் பண்ணுங்க, அப்பத்தான் ரெண்டு காலும் அதது இடத்துல உக்காரும்.

முக்கியமானது இன்னொண்ணு. டியூப் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு மட்கார்டுக்கும் கீழ் பிளேட்டுக்கும் நடுவுல இருக்க இடைவெளி குறையும். ரேடியேட்டர் பக்கமும் ஒரு கண்ணு வையுங்க. நான் கீழ பளபளன்னு தெரியற குழாய்ல ஒரு கேபிள் டை கட்டிட்டு நல்லா பிரேக் அடிச்சுப் பாத்தேன், சீல் அதை எது வரைக்கும் தள்ளிட்டுப் போவுதுன்னு பாத்தா ஷாக் எவ்வளவு அமுங்குதுன்னு தெரிஞ்சுடும். ஹெட்லைட்டும் கொஞ்சம் கீழ பாக்கும், அதையும் சரி பண்ணிக்கணும்.

நம்ம கூட்டாளி ஒருத்தன் இதே டியூக்ல ஃபோர்க்கைத் தொடவே இல்ல, ஆனா வண்டி பறக்குதுடான்னு சொல்லிட்டு இருந்தான். பின்னாடி 150/60 டயருக்குப் பதிலா 140/70 போட்டிருக்கான். கணக்கு போட்டா டயர் சுவரு 90 எம்எம் இருந்தது 98 ஆயிருக்கு, பின்பக்கம் 8 எம்எம் ஏறியிருக்கு. பின்னாடி ஏத்தினாலும் முன்னாடி இறக்கினாலும் கோணம் ஒரே பக்கம்தான் மாறும். அவன் தெரியாமலே செஞ்சுட்டான். இதுக்கு நேர் எதிரு, பின்னாடி 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிட்டு கும்பகோணத்துலேர்ந்து வர்றது. பின் ஷாக் அமுங்கி மூக்கு தூக்கிக்கும், வண்டி எருமை மாதிரி நேராவே போகும். அதுக்கு ஃபோர்க்குல கை வைக்காதீங்க, பின் ஷாக் ஸ்பிரிங்கை இறுக்கற பிரீலோடை ரெண்டு ஸ்டெப் ஏத்துங்க.

இதையெல்லாம் பாத்துட்டு அத்தை பையன் அவன் பழைய என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ கூடத்துக்குள்ள ஏத்தப் பாத்தான். அண்ணன் ஹெட்லைட்டை ஒரு தட்டு தட்டி, "தம்பி, இதுல ஃபோர்க் டியூப் மேல இந்தக் கூட்டுக்குள்ளயே மரை போட்டு ஏறி நிக்குது, இதை எங்க ஏத்துவ எங்க இறக்குவ"ன்னாரு. அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அத்தைக்குத்தான் சந்தோஷம், அன்னிக்கு சாயங்காலமே செயின் பிளாக்கை இறக்கச் சொல்லி ஊஞ்சலை மாட்டிட்டாங்க, பலகையில கிரீஸ் கறை மட்டும் இன்னும் போகல.