கவுண்டி நகரத்துக்குள்ளே, சிட்டி ஊருக்கு வெளியே

இங்கிலாந்தின் நாட்டிங்காம் ரயில் நிலையத்தில் இறங்கி "சிட்டி கிரவுண்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் தெற்கே கையைக் காட்டுவார்கள். சுமார் இருபது நிமிட நடை. முதலில் கண்ணில் படுவது கறுப்பும் வெள்ளையுமாக நாட்ஸ் கவுண்டி கால்பந்து அணியின் மெடோ லேன் மைதானம். புதிதாக வருகிறவர்கள் பலர் "வந்துவிட்டோம்" என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். போட்டி அணியின் சிவப்புச் சட்டையோடு அங்கே நிற்பது அவ்வளவு நல்லதில்லை. இன்னும் நடந்து, டிரென்ட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் நாட்டிங்காம் ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்ட்.

குழப்பம் அந்த ஆற்றில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் டிரென்ட் நதியோடு நாட்டிங்காம் நகர எல்லை முடிந்துவிடுகிறது. மறுகரை வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டு, ரஷ்கிளிஃப் கவுன்சிலின் ஆட்சி. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அதாவது, கவுண்டி அணி நகரத்துக்குள் ஆடுகிறது. சிட்டி என்று பெயர் வைத்த மைதானம் நகரத்துக்கு வெளியே, கவுண்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 275 மீட்டர்தான். நாலு கோல்கீப்பர்களை வரிசையாக நிறுத்தி உதைக்கவிட்டால் பந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும், நடுவில் ஒருவர் படகில் நிற்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இது எப்படி ஆயிற்று? நாட்டிங்காமுக்கு 1897இல் நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது. மறுவருடமே ஃபாரஸ்ட் இந்த மைதானத்துக்கு வந்தது. அந்த நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அப்போது அதன் சொந்தக்காரர் நகர நிர்வாகம்தான். புதுப் பட்டம் வாங்கின சூடு ஆறவில்லை, பெயர் சிட்டி கிரவுண்ட் ஆகிவிட்டது. அப்போது நாட்ஸ் கவுண்டி எங்கே ஆடிக்கொண்டிருந்தது என்று கேட்டால், அதே தென்கரையில், டிரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானத்தில். அஸ்வின் 2019இல் நாட்டிங்காம்ஷயருக்காக ஆடினாரே, அந்த அணியின் மைதானம்தான். ஆக 1910 வரை கவுண்டி அணி கவுண்டியில்தான் ஒழுங்காக இருந்தது. 1910இல் மெடோ லேனுக்கு ஆற்றைத் தாண்டிப் போனார்கள், குழப்பம் முழுமையடைந்தது.

காகிதத்தில் இது இன்னும் அழகு. இங்கிலாந்தில் பெரிய மைதானம் எதுவானாலும் 1975ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். எந்த நுழைவாயிலில் எத்தனை பேர், எந்தப் படிக்கட்டு எவ்வளவு அகலம், ஸ்டாண்டில் எத்தனை ஆட்களை விடலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். கொடுப்பது கவுண்டி கவுன்சில். தனி நிர்வாகமாகப் பிரிந்துபோன நகரம் என்றால் அந்த நகர கவுன்சில். நாட்டிங்காம் நகரம் 1998இல் அப்படிப் பிரிந்துகொண்டது. விளைவு: கவுண்டி அணிக்குச் சான்றிதழ் தருவது சிட்டி கவுன்சில், சிட்டி கிரவுண்டுக்குத் தருவது கவுண்டி கவுன்சில். புதிதாக ஸ்டாண்ட் கட்ட அனுமதி வேண்டுமென்றால் ஃபாரஸ்ட் ரஷ்கிளிஃப் கவுன்சில் வாசலில் நிற்கவேண்டும். கவுண்டி கவுன்சிலின் பழைய தலைமையிடமான கவுண்டி ஹாலும் தென்கரையில், பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கவுண்டி ஹால், கவுண்டி கிரிக்கெட், சிட்டி கிரவுண்ட் மூன்றும் ஒரு கரை. கவுண்டி ஃபுட்பால் மட்டும் எதிர்க்கரை.

இந்த ஊரில் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சரியாகக் கற்றுக்கொண்டால் போதும். "நாட்ஸ்" என்பது நாட்டிங்காம்ஷயர் என்ற கவுண்டியின் சுருக்கம். மொட்டையாக "நாட்ஸ்" என்றால் நாட்ஸ் கவுண்டி. "நாட்ஸ் ஃபாரஸ்ட்" என்று ஒரு அணி உலகத்தில் கிடையாது. ஆனாலும் டிவியில் வர்ணனை செய்கிறவர்களே வாராவாரம் சொல்லிவிடுகிறார்கள். ஃபாரஸ்ட் ரசிகருக்குக் கோபம், நம்மைப் போய் அவர்களோடு சேர்க்கிறானே என்று. கவுண்டி ரசிகருக்கும் கோபம், எங்கள் பெயரை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கிறானே என்று. ஒரே சொல்லில் ஊர் முழுவதையும் பகைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஃபாரஸ்ட் என்றால் ஃபாரஸ்ட், அவ்வளவே. அந்தப் பெயரும் ராபின் ஹுட் சுற்றின பெருங்காட்டிலிருந்து நேராக வரவில்லை. 1865இல் கிளப் தொடங்கியவர்கள் விளையாடின திடலின் பெயர் ஃபாரஸ்ட் ரெக்ரியேஷன் கிரவுண்ட். ஷெர்வுட் காட்டின் மிச்சம் அது.

நாட்ஸ் கவுண்டிக்காரர்களின் பெருமை வேறு வகை. 1862இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய தொழில்முறை கால்பந்து கிளப். யுவென்டஸ் 1903இல் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டது இவர்களிடமிருந்துதான். 2011இல் டுரினில் புது மைதானம் திறந்தபோது அந்த நன்றிக்காகக் கூப்பிட்டு ஆடவைத்தார்கள், 1-1 டிரா. இதையெல்லாம் கவுண்டி ரசிகர் மூச்சுவிடாமல் சொல்லிமுடித்ததும், ஃபாரஸ்ட் ரசிகர் இரண்டே எண் சொல்வார்: 1979, 1980. இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். அதைவிட மோசம், சில ஃபாரஸ்ட் ரசிகர்கள் "பாவம், அவர்களும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்வது. பகைவன் திட்டினால் தாங்கலாம், பரிதாபப்பட்டால் தாங்க முடியுமா?

ஃபாரஸ்டுக்கு உண்மையான எதிரி மேற்கே இருக்கிறான். டெர்பி கவுண்டி. அதை அங்கே "டார்பி" என்றுதான் சொல்லவேண்டும். "டெர்பி" என்றால் உள்ளூர்க்காரர் உங்களைத் திருத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடருவார். பக்கத்து அணிகள் மோதுகிற ஆட்டத்துக்கும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. அதனால் "டார்பி டார்பி" என்று யாராவது சொன்னால் திக்குகிறார் என்று நினைக்கவேண்டாம்.

அந்தப் பெயரில் உள்ள கவுண்டிக்கும் ஒரு கதை உண்டு. 1884இல் டெர்பிஷயர் கவுண்டி கிரிக்கெட் கிளப்பின் கிளையாகத்தான் இந்த அணி பிறந்தது. "டெர்பிஷயர் கவுண்டி" என்றே பெயர் வைக்க நினைத்தார்கள். ஒரு வருடம் முன்னால் பிறந்த டெர்பிஷயர் கால்பந்து சங்கம் ஆட்சேபித்தது. பெயர் நீளம், சங்கத்தின் அணி என்று சனங்கள் குழம்புவார்கள் என்றார்கள். "ஷயர்" வெட்டப்பட்டு டெர்பி கவுண்டி ஆயிற்று. சங்கத்தின் குழப்பம் தீர்ந்தது. டெர்பி என்பது ஊர், கவுண்டி என்பது மாவட்டம், இரண்டையும் சேர்த்தால் எந்த இடம் என்று கேட்பவர்களின் குழப்பம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அவர்களுடைய சின்னம் ஆட்டுக்கிடா. ஆகவே ஃபாரஸ்ட் ரசிகர்களுக்கு டெர்பிக்காரர் எல்லோரும் ஆடுகள். கூடவே 2007-08 பிரீமியர் லீக் கணக்கைக் கையில் வைத்திருப்பார்கள்: 38 ஆட்டம், 1 வெற்றி, 11 புள்ளி. டெர்பிக்காரர் பதிலுக்குச் சொல்லும் பெயர் மேனேஜர் பிரையன் கிளஃப். "உங்கள் சாமி முதலில் எங்கள் கோயிலில் இருந்தது" என்கிற வாதம். 1972இல் டெர்பியை லீக் சாம்பியனாக்கிவிட்டுப் பிறகு ஃபாரஸ்டுக்குப் போய் 1978இல் அதையும் சாம்பியனாக்கினார். இரண்டு ஊரிலும் சிலை. இரண்டு ஊரையும் இணைக்கிற ஏ52 சாலைக்கும் அவர் பெயர். இரு அணியும் மோதினால் கொடுக்கிற கோப்பைக்கும் அவர் பெயர். சரி, அவர் எந்த ஊர்க்காரர்? மிடில்ஸ்பரோ. எந்தக் கவுண்டி? 1935இல் பிறந்தபோது யார்க்‌ஷயர். அதே இடம் 1974இல் கிளீவ்லாந்து ஆனது. 1996இல் கிளீவ்லாந்தே கலைந்தது. கிளஃபின் பிறப்பிடத்தைப் படிவத்தில் எழுதச் சொன்னால், எந்த வருடத்துப் படிவம் என்று முதலில் கேட்கவேண்டும்.

விமான நிலையத்தையாவது சண்டையில்லாமல் வைத்திருக்கலாம். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம் இருக்கும் இடம் லெஸ்டர்ஷயர். தபால் முகவரி டெர்பி. 2004இல் அதற்கு "நாட்டிங்காம் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ்" என்று பெயர் மாற்றினார்கள். லெஸ்டர்காரருக்கு நிலம் எங்களுடையது என்று எரிச்சல், டெர்பிக்காரருக்கு முகவரி எங்களுடையது என்று எரிச்சல். இரண்டே வருடத்தில் பழைய பெயருக்குத் திரும்பி, மூன்று ஊர் பெயரையும் பின்னால் ஒட்டவைத்தார்கள். இதற்கிடையில் யார்க்‌ஷயரில் டான்காஸ்டர் பக்கம் 2005இல் ஒரு விமான நிலையம் திறந்து அதற்கு ராபின் ஹுட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டிங்காமுக்கு அது தன் வீட்டு நாயை அடுத்த வீட்டுக்காரன் கட்டிப்போட்ட மாதிரி. 2016இல் அந்தப் பெயரும் போயிற்று, 2022இல் விமானங்களும் போயின.

கவுண்டி எல்லை சிரிப்பாக இல்லாத இடம் ஒன்று உண்டு. செஸ்டர்ஃபீல்டு டெர்பிஷயரில், மான்ஸ்ஃபீல்டு நாட்டிங்காம்ஷயரில். இரண்டும் நிலக்கரி ஊர்கள், நடுவே சுமார் 12 மைல். 1984 மார்ச்சில் தொடங்கி ஒரு வருடம் நடந்த சுரங்க வேலைநிறுத்தத்தில் நாட்டிங்காம்ஷயர் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பது அவர்கள் வாதம். எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் வைத்த பெயர், நம் தொழிற்சங்க மொழியில் சொன்னால், கருங்காலி. இன்றைக்கும் மான்ஸ்ஃபீல்டு அணி செஸ்டர்ஃபீல்டுக்குப் போனால் அந்தச் சொல்தான் ஸ்டாண்டிலிருந்து விழுகிறது. ஃபாரஸ்ட் ஷெஃபீல்டு பக்கம் போனாலும் அதேதான். கத்துகிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்ற நாட்டிங்காம்ஷயர் குடும்பங்களும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் மான்ஸ்ஃபீல்டு பக்கம் உட்கார்ந்து அதே வசையைக் கேட்கிறார்கள். ஸ்டாண்டுக்கு கவுண்டிதான் தெரியும், ஆளைத் தெரியாது.

எல்லை என்றால் எர்வாஷ் என்கிற சின்ன ஆறு. அதன் மேற்குக் கரையில் இருக்கிறது லாங் ஈட்டன். டெர்பிஷயர் ஊர், வரி கட்டுவதும் டெர்பிஷயர் பக்கம்தான். ஆனால் தபால் குறியீடு என்ஜி10, அதாவது நாட்டிங்காம். தொலைபேசிக் குறியீடு 0115, அதுவும் நாட்டிங்காம். கொஞ்சம் வடக்கே இல்கெஸ்டன் பாதிதான் தப்பித்தது: தபால் டெர்பி, தொலைபேசி நாட்டிங்காம். 1996இலிருந்து முகவரியில் கவுண்டி பெயரே தேவையில்லை என்று ராயல் மெயில் விட்டுவிட்டது. எழுதினாலும் தடையில்லை. மானமுள்ளவர்கள் ஒரு வரி கூடுதலாக டெர்பிஷயர் என்று எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் தபால் நகரத்தின் பெயரையும் (லாங் ஈட்டனுக்கு அது நாட்டிங்காம்) எழுதியாகவேண்டும். ஆகவே லாங் ஈட்டனில் இருக்கிற டெர்பி கவுண்டி ரசிகர், கிடா சின்னம் போட்ட கடிதம் எதை வரவழைக்க நினைத்தாலும், படிவத்தில் தன் கையாலேயே "நாட்டிங்காம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.